அப்பா லோடுக்குப் போகவில்லை

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தல்காரர் வருவதற்கு முன்பே குழந்தைகளை அப்புறப்படுத்திவிடுவார்கள். அடுத்த தெருவில் யாராவது ஒரு சித்தி வீட்டில் உட்கார வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, கையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திணிப்பார்கள். போனவர் வயதான தாத்தாவாக இருந்தால் மட்டும், எடுக்கிற நேரத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து நெய்ப்பந்தம் பிடிக்க வைப்பார்கள். முறை செய்யக் குழந்தை வேண்டும். அந்தக் குழந்தையின் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்பதற்கு மட்டும் நம்மிடம் முறை இல்லை.

எருமப்பட்டியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நாமக்கல் வட்டாரம் கோழிப்பண்ணையையும் லாரியையும் நம்பிய பூமி. தெருவுக்கு ஒரு டிரைவர் வீடாவது இருக்கும். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன அப்பா, ரிட்டன் லோடு கிடைக்காமல் எங்கோ ஒரு ஊரில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பதும், பதினைந்து நாளோ ஒரு மாதமோ கழித்து அழுக்கு லுங்கியோடு வந்து இறங்குவதும் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பழகிப்போன விஷயம். அதனால் அப்படி ஒரு அப்பா செத்துப்போனால், பெரியவர்களுக்குப் பொய்யைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. "அப்பா லோடுக்குப் போயிருக்காரு சாமி. வந்துருவாரு."

என் தம்பி நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினான். மகாராஷ்டிரத்தில் ஒரு நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். அவன் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. உடம்பு ஆம்புலன்ஸில் சுற்றிக் கட்டியபடியே வந்தது. வந்த வேகத்தில் காரியம் முடிந்தது. பையன் முகம் பார்க்கவில்லை. வீட்டுப் பெரியவர்கள் அவனிடம் சொன்னது அந்தப் பொய்யைத்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்ற மகனைப் பறிகொடுத்த என் அம்மாவுக்கு, பேரன் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் எதையும் சொல்லத் தெம்பில்லை. ஆனால் அந்தப் பொய் அவனை என்ன செய்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மெயின் ரோட்டில் ஏர் ஹாரன் கேட்டால் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடுவான். கருமாதியெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் என்னிடம் கேட்டான்: "ரிட்டன் லோடு இன்னுமா கிடைக்கல அத்தை?"

நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வகுப்பில் சங்கப் பாட்டு நடத்துவதே என் வேலை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு கருவி தெரியாது. அவன் அம்மாவிடம் கேட்டேன். "நீங்களே சொல்லிருங்க அண்ணி, என்னால முடியாது" என்றாள். முதலில் உண்மையை நேராகவே சொன்னேன். "அப்பா லோடுக்குப் போகலை கண்ணு. வண்டி மோதி அப்பா செத்துட்டாரு. செத்தவங்க திரும்பி வரமாட்டாங்க." அவன் அழவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கோலி ஆடப் போய்விட்டான். "பாத்தியா, அதுக்கு ஒண்ணும் வெளங்கலை" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவர்களின் துக்கம் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். குழந்தையின் துக்கம் கொஞ்ச நேரம் வரும், விளையாடப் போகும், மறுபடி வரும். அது வருகிற நேரத்தில் அதோடு பேசுவதற்குச் சொல் தயாராக இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்காகத்தான் பாட்டைத் தேடினேன்.

எடுத்தது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. பாரி மகளிர் பாடியது. பின்னால் வந்தவர்கள் அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சொன்னார்கள். பாட்டின் அடியில் 'பாரி மகளிர்' என்று மட்டும்தான் இருக்கிறது. மொத்தம் ஐந்தே அடி. போன மாத நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் மலையை வேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. சாரம் அவ்வளவுதான். வகுப்பில் இதைத் திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று எழுதிப்போட்டு மதிப்பெண்ணுக்கு நடத்துகிறோம். அப்பாவைப் பறிகொடுத்த இரண்டு பெண் பிள்ளைகள் தங்கள் வாயால் பேசியது இது என்பது அந்த அவசரத்தில் காணாமல் போகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட நம் இலக்கியத்தில், தகப்பனை இழந்த பிள்ளைகளின் குரல் பிள்ளைகளின் பெயரிலேயே நிற்கிறது. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சில் கொண்டு வந்த நாளிலிருந்து, எழுத்துக் கூட்டத் தெரிந்த யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் படிக்கலாம். துக்கப்படுகிற ஒரு குழந்தைக்கு நம் கையில் இருக்கும் பாட்டுகளில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் சொல்லமாட்டேன்.

மொட்டை மாடியில் உட்கார்ந்து கதையாகச் சொன்னேன். பிறகு பாட்டை மெதுவாக வாசித்தேன். பழைய சொல் புரியாது என்று பயப்பட வேண்டியதே இல்லை. நிலா, அப்பா, மலை மூன்றும் புரிந்தால் போதும். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். "அது இந்த மலையா அத்தை?" என்றுதான் முதலில் கேட்டான். இல்லை, அது பறம்பு மலை, இப்போதைய சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலை என்கிறார்கள் என்றேன். ஆனால் நம் மலைக்கும் அப்படியொரு கதை உண்டு, கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான், அகநானூற்றில் அது பாட்டாக இருக்கிறது என்றும் சொன்னேன். ஓரியை அவனுக்குத் தெரியும். ஆடிப் பெருக்குக்குச் செம்மேட்டில் ஓரி விழா நடக்கும்போது அப்பா அவனைக் கூட்டிப் போயிருக்கிறான். எழுபது கொண்டை ஊசி வளைவையும் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டே ஏறுவார்களாம். நடுவில் அப்பா வேண்டுமென்றே எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லி அவனைத் திருத்த வைப்பானாம். என் தம்பி இப்படியெல்லாம் விளையாடுவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். போன ஆடிக்கு அப்பா இருந்ததைச் சொன்னான். லாரி இருந்ததைச் சொன்னான். பாடி கட்டும் பட்டறையில் அப்பா அதன் பின்பக்கம் இவன் பெயரை எழுத வைத்திருந்தான். தவணை கட்ட ஆளில்லாமல் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் யாரும் அவனிடம் அதைப் பேசியதில்லை. அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "அவங்களுக்கு மலையும் போச்சு. நமக்கு வண்டியும் போச்சு" என்றான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

பாரி மகளிரின் பாட்டில் அப்பாவும் மலையும் ஒரே மூச்சில் வருவது ஏன் என்று நான் கல்லூரியில் படித்தபோது எனக்குப் புரிந்ததில்லை. பெற்றவனையும் சொத்தையும் ஒரே வரிசையில் வைக்கலாமா என்றுகூட அப்போது நினைத்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு அப்பா என்பவர் தனியாக வந்து போகும் ஆள் இல்லை. அவர் உட்காரும் இடம், அவர் ஓட்டும் வண்டி, அவர் வந்தால் நடக்கும் கறிச்சோறு எல்லாம் சேர்ந்துதான் அப்பா. சாவு வந்தால் அத்தனையும் சேர்ந்து போகிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறார்கள், பள்ளிக்கூடம் மாறுகிறது, அம்மா வேலைக்குப் போகிறாள். பெரியவர்கள் இவற்றையெல்லாம் துக்கத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஐந்து அடி சேர்த்திருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். சாவைப் பற்றிக் குழந்தையிடம் பொய் சொல்வதை நிறுத்த வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தனியே விட்டுவிடவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டை வாசிக்க வேண்டும். வீட்டிலும் வாசிக்கலாம், பள்ளியிலும் வாசிக்கலாம்.

"ஆறுற புண்ணை எதுக்குக் கிளறுறே" என்று என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பின் மேல் நிற்கிற பயம் அது. 1948-இல் மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர், புடாபெஸ்ட் குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேச வைத்தும் எழுத வைத்தும் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சாவைத் தூக்கம் போல, ஊருக்குப் போவது போல, திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே எண்ணுகின்றன. ஒன்பது வயது வாக்கில்தான் அது முடிவு என்பது முழுதாகப் பதிகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள், ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகள் அதைப் புரிந்துகொள்கின்றன என்று காட்டின. இதை வைத்துப் பார்த்தால், சாவைப் பயணம் என்று நம்பக்கூடிய வயதில் இருக்கும் பிள்ளையிடம் போய் "லோடுக்குப் போயிருக்கார்" என்று சொல்வது எவ்வளவு கொடுமை! "தூங்குறாரு" என்று சொன்னால் அது தூங்கப் பயப்படும். "சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்றால் சாமி மேல் கோபம் வரும். செத்துட்டாரு என்ற சொல்தான் கடைசியில் குழந்தைக்குப் பிடிமானம்.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். என் அம்மா என் தம்பிக்கு வைத்த ஒப்பாரியில் அவன் பிறந்த நேரத்திலிருந்து கடைசியாகச் சாப்பிட்டுப் போன வேளை வரை எல்லாம் வந்தது. பெண்களுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தப்பட்டைச் சத்தத்துக்கு நடுவே தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டு வயதுப் பையனிடமும் "நீ ஆம்பளப் புள்ள, அழக்கூடாது, இனிமே அம்மாவை நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எட்டு வயதில் யாரை அவன் பார்த்துக்கொள்வான்?

சங்க காலத்து ஆண்கள் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பாரி இறந்தபோது கபிலர் பாட்டுக்கு மேல் பாட்டாக அழுதார். புறநானூற்றின் 245-ஆம் பாட்டு சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. மனைவியைச் சிதையில் வைத்த பிறகும் தன் உயிர் போகவில்லையே என்று ஓர் அரசன் வெளிப்படையாகச் சொல்கிறான். இதைப் பையனுக்குச் சொன்னேன். "ராஜாவே அழுதாரா?" என்று இரண்டு தடவை கேட்டான். பாரதியாரைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு ஐந்து வயதிலேயே அம்மா போய்விட்டார், பதினாறாவது வயதில் அப்பாவும் போய்விட்டார், பெரியவரான பிறகு தன் கதையைப் பாட்டாக எழுதும்போது அந்தத் துக்கத்தையும் எழுதினார் என்றேன். முண்டாசும் மீசையுமாகச் சுவரில் பார்த்த பாரதி, அதன் பிறகு அவனுக்கு அம்மா இல்லாத ஒரு பையனாகவும் ஆகிவிட்டார்.

எல்லாப் பாட்டும் எல்லாக் குழந்தைக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். கவிமணியின் 'ஆசிய ஜோதி'யில், மகனை இழந்த தாய் சாவு விழாத வீட்டுக் கடுகைத் தேடிப் போகும் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதைக் குழந்தையிடம் முதலில் கொண்டு போக மாட்டேன். 'எல்லார் வீட்டிலும்தான் சாவு' என்பது பெரியவர்களுக்கு ஆறுதல். அப்பாவை இழந்த குழந்தைக்கு, உன் அப்பா ஒன்றும் பெரிதில்லை என்று சொல்வது போலக் கேட்கும். பட்டினத்தார் தாயைச் சிதையில் வைத்துப் பாடியதும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு வரட்டும், அவனாகவே தேடிப் படிக்கட்டும். ஆறுதல் சொல்ல அவசரப்படும் பாட்டை விட, துக்கத்தை உள்ளபடி சொல்லி நிறுத்திவிடும் பாட்டுத்தான் குழந்தைக்கு நல்லது என்பது என் எண்ணம். ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லைப் பூவைப் பார்த்துக் கேட்டது அப்படி ஒரு பாட்டு, புறநானூற்றில் 242. சூட ஆளில்லை, பறிக்க ஆளில்லை, சாத்தன் போன பிறகும் நீ பூக்கிறாயா என்று கேட்கிறார். அப்பா செத்த வாரத்தில் பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கேட்கிறதே, கிரிக்கெட் நடக்கிறதே, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று உள்ளே குமைகிற குழந்தைக்கு இந்தக் கோபம் நன்றாகப் புரியும். எங்கள் பையன் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் யார் யார் சிரித்தார்கள் என்று பட்டியல் போட்டான். கேட்டுக்கொண்டேன்.

எப்போது வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு: குழந்தை கேள்வி கேட்கும் நேரம்தான் நேரம். பதினாறாம் நாள் கும்பிடும் கூட்டத்துக்கு நடுவே வேண்டாம். "உனக்கு எப்படி இருக்கு" என்று துருவ வேண்டாம். பாட்டில் வருகிறவர்களைப் பற்றிக் கேட்டால் போதும், அவர்களைச் சொல்லிக்கொண்டே குழந்தை தன்னைச் சொல்லிவிடும். வாசிக்கும்போது நமக்குத் தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். மறுநாள் "அந்தப் பாட்டு வேண்டாம்" என்றால் வேண்டாம். வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகமாட்டேன் என்கிறது என்றால் பாட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்பு, ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று 2021 மே மாதத்தில் தமிழக அரசு அறிவித்தது. பெரிய காரியம், அதனால் எத்தனையோ வீடுகள் நிமிர்ந்தன. அந்தக் குழந்தைகள் வகுப்புக்குத் திரும்பிய அன்று அவர்களிடம் என்ன பேசுவது என்று ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குத் தெரியாததால் ஒன்றும் நடக்காதது போல வருகைப் பதிவேட்டைத் திறந்தோம். விபத்தில், நோயில், தற்கொலையில் பெற்றவரை இழந்து வருகிற பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொல்லும்போதுதான் பல ஆசிரியர்களுக்கே தெரிகிறது. இப்போது வாசிப்பு இயக்கம் என்று சிறு சிறு புத்தகங்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. தேன்சிட்டு, ஊஞ்சல் இதழ்கள் வருகின்றன. அவற்றில் தாத்தா இறந்த கதையும் நாய்க்குட்டி இறந்த பாட்டும் பாரி மகளிரும் எளிய தமிழில் இடம்பெற வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் ஒரு மதியமாவது, சாவு நடந்த வீட்டுப் பிள்ளையை வகுப்பில் எப்படி வரவேற்பது என்பதற்கு ஒதுக்க வேண்டும். கூடுதல் செலவில்லை. பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் கையறுநிலையைத் தேர்வுக்கு வெளியேயும் வாசிக்கலாம் என்ற அனுமதி போதும்.

"அப்புறம் அந்த அக்காங்க என்ன ஆனாங்க?" என்று பையன் கேட்டான். கபிலர் அவர்கள் அப்பாவின் சிநேகிதர், அவர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார், விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் இவர்கள் பாரியின் பிள்ளைகள் என்று சொன்னார், பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொன்னார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பாவோட ஃப்ரண்ட்ஸ் யாரும் இப்ப வர்றதில்ல" என்றான்.

உண்மைதான். காரியத்துக்கு ஷெட்டிலிருந்து வண்டி வண்டியாக வந்தார்கள். பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வருவதில்லை. பையனைப் பார்த்தால் என்ன பேசுவது என்ற கூச்சம் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். இதைப் படிக்கிற டிரைவர், கிளீனர் தம்பிகளுக்கு நான் சொல்வது: வாருங்கள். புத்திமதி வேண்டாம், "நல்லாப் படி" வேண்டாம். அவன் அப்பா எந்த தாபாவில் நிறுத்துவான், மலையிறக்கத்தில் என்ன பாட்டுப் போடுவான், வழியில் டயர் வெடித்த ராத்திரி என்ன செய்தான், மகனைப் பற்றி உங்களிடம் என்ன பேசினான் என்று அவனிடம் சொல்லுங்கள். எனக்கு என் தம்பியின் வீட்டு முகம் மட்டுமே தெரியும். ரோட்டில் அவன் எப்படி இருந்தான் என்பது உங்களிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டில்தான் இருப்பான்.